ஆஸ்திரியாவின் இரண்டு வரிக் கடிதங்கள்

இருபத்தொன்பது வயது வரை யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னவன் இல்லை நான். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஆவடி குவார்ட்டர்ஸைத்தான் குறை சொல்ல வேண்டும். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வரிசையில் எட்டு வீடுகள், எட்டும் எட்டு ஊர். இடது பக்கம் திருநெல்வேலி, வலது பக்கம் வேலூர், எதிரே கோயம்புத்தூர். தண்ணீர்க் குழாயடியில் திருநெல்வேலிக்கும் வேலூருக்கும் சண்டை மூண்டால், திருநெல்வேலி வீட்டில் காபி குடித்துக்கொண்டே “நீங்க சொல்றதுதான் சரி மாமா” என்பேன். சாயங்காலம் வேலூர் வீட்டில் முறுக்கு தின்றுகொண்டே அதே வாக்கியத்தை அவரிடமும் சொல்வேன். இரண்டு வீட்டிலும் எனக்கு நல்ல பெயர். பையன் தங்கம் என்பார்கள். அம்மா மட்டும் ஏமாறவில்லை. “வாய்ல வெல்லத்த வச்சுக்கிட்டுத் திரியுது இது” என்பாள்.

பாலிடெக்னிக் முடித்ததும் மண்ணூர்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரைவாக்கத்தில் இறங்கி நடந்தால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். வெளிநாட்டுக்குப் போகும் வால்வுகளின் சோதனைச் சான்றிதழ்களைத் தயார் செய்து, வாங்குகிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. இரண்டு மாதம் தாமதமான சரக்கைப் பற்றி, தாமதம் என்ற சொல்லே வராமல் இரண்டு பக்கம் எழுதுவேன். முதலாளிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டு மெஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர் மூன்று வாரம் எங்களோடு இருந்தார். மனிதருக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம். மத்தியான இடைவேளையில் சோதனை மேஜையின் மேல் பழைய காலத்து ஐரோப்பா வரைபடம் ஒன்றை விரிப்பார். எங்கள் ஸ்டோர்ஸிலிருந்து நட்டும் வாஷரும் கேட்டு வாங்கி அடுக்குவார். நட்டு தரைப்படை, வாஷர் கப்பற்படை.

ஆட்டத்தை அவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு நாடுகள், ஏழு பேர். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு படை தனியாகப் போய் இன்னொரு படையைத் தள்ள முடியாது. பக்கத்தில் இன்னொரு படை தோள் கொடுக்க வேண்டும். உங்களிடம் எல்லா இடத்திலும் இரண்டு படை இருக்காது. ஆகவே பக்கத்து நாட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், கெஞ்ச வேண்டும், வாக்குக் கொடுக்க வேண்டும். எல்லோரும் தங்கள் ஆணைகளை ரகசியமாக நடுவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிரிப்பார். யார் வாக்கைக் காப்பாற்றினார், யார் முதுகில் குத்தினார் என்பது அப்போதுதான் வெளிச்சமாகும். பொய் சொல்லலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். குழாயடியில் பதினைந்து வருஷம் நான் எடுத்த பயிற்சிக்கு இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே!

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் நடுவராக இருந்து மின்னஞ்சலில் ஓர் ஆட்டம் ஆரம்பித்தார். ஆறு ஊர்களில் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஏழாவது ஆள் நீ வருகிறாயா என்று கேட்டு எழுதினார். எனக்கு விழுந்த நாடு ஆஸ்திரியா. வரைபடத்தின் நட்ட நடுவில், நாலு பக்கமும் ஆள் இருக்கிற நாடு. முதலில் செத்துப்போவது பெரும்பாலும் ஆஸ்திரியாதான் என்று அவரே எச்சரித்திருந்தார். எட்டு வீட்டு வரிசையில் நடு வீட்டில் வளர்ந்தவனுக்கு இது ஒரு விஷயமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். மொத்தக் கம்பெனிக்கும் மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். அது மாடியில், தந்தி மாதிரி நிமிஷக் கணக்கில் காசு கட்டிச் சேதி அனுப்பும் டெலக்ஸ் மெஷின் இருந்த அறையில் இருந்தது, டெலக்ஸ் மேடத்தின் கையில்.

அவரை எல்லோரும் டெலக்ஸ் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். பன்னிரண்டு வருஷமாக டெலக்ஸ் மெஷினில் தட்டிக்கொண்டிருந்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாலும் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வயல்கள் மனைகளாகிப்போனதும் அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போனாராம்.

கம்ப்யூட்டர் வந்து நாலு மாதம் ஆகியும் மேடம் அதில் தயங்கித் தயங்கித்தான் கை வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் டெலக்ஸ் லைனைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறோம். அதற்குள் மின்னஞ்சல் வேலை கைக்கு வந்துவிட்டால் இதே இடம். வராவிட்டால் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒன்றைப் போட்டுக்கொள்வோம், நீ கீழே பேக்கிங் செக்ஷனுக்குப் போய்விடு.

நான் ஆட்டத்துக்கு அனுமதி கேட்கப் போன அன்று அவர் அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

“எங்க ஊட்ல நாற்காலில குந்திகினு வேல செஞ்சது நான் ஒருத்திதான் சார். பேக்கிங்ல போய் நிக்கறதுக்கு ஒன்னும் வெக்கம் இல்ல. ஆனா என்னால முடியலன்னு எறக்கி உட்டாங்கன்னா அத்த தாங்க மாட்டேன்” என்றார்.

“அப்ப கத்துக்குங்களேன் மேடம்.”

“எத்த வச்சி கத்துக்கறது? வாரத்துக்கு நாலு மெயில் வருது. நாலு போவுது. இந்தக் கணக்குல போனா கை பழகறதுக்குள்ள கெய்வி ஆயிடுவேன்.”

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கடிதம் நான் தருகிறேன் என்றேன். கம்பெனி கடிதங்கள் போகிற அதே டெலிபோன் அழைப்பில் சேர்த்து அனுப்பிவிட்டால் தனியாக லைன் போட வேண்டியதில்லை. உங்களுக்குக் கை பழகும், எனக்கு ஆட்டம் நடக்கும். அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அனுப்பறது தப்பா போனா யாருக்காவது நஷ்டமா?”

“எனக்கு மட்டும்தான், அதுவும் வரைபடத்துல” என்றேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வாரம் கெடு. நான் ரயிலிலேயே முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு ஆறு பேருக்கும் கடிதம் எழுதுவேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். துருக்கிக்கு ஒரு குரல், ரஷ்யாவுக்கு ஒரு குரல், இத்தாலிக்கு ஒரு குரல். ‘என் மதிப்புக்குரிய நண்பரே, உங்கள் அபாரமான நிதானத்தைக் கண்டு வியக்கிறேன். பல்கேரியாவை நோக்கி என் படை நகரும் என்ற எண்ணமே எனக்குக் கனவிலும் வந்ததில்லை. ஆயினும் சூழ்நிலைகள் எவ்வாறு அமையும் என்பதை நம்மில் யார் அறிவார்?’ இப்படியே ஒன்றரைப் பக்கம் போகும். எந்த வாக்கியத்தைப் பிடித்து இழுத்தாலும் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். கடைசிக் காகிதத்தில் நடுவருக்கான ஆணைகள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு குண்டூசியில் கோத்து மேடத்தின் மேஜையில் வைத்துவிடுவேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, பாதியில் லைன் அறுந்து, மறுபடி கத்தும். முதல் மாதம் ஒவ்வொரு கடிதத்துக்கும் அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் மாதம் என்னோடு பேசிக்கொண்டே அனுப்பினார். வந்த பதில்களை அச்செடுத்து, முத்திரை குத்தி, என் தட்டில் வைப்பார். போனது ஒவ்வொன்றையும் அவுட்வர்டு ரிஜிஸ்டரில் ஏற்றுவார். வரிசை எண், யாருக்கு, சேதி என்ன. இதெல்லாம் விளையாட்டுக் கடிதம், பதிய வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “ரூம உட்டு ஒரு சேதி வெளிய போனா அது ரிஜிஸ்டர்ல இருக்கணும் சார்” என்றுவிட்டார். அந்த விஷயத்தில் அவரை அசைக்க முடியாது.

ஆட்டம் எனக்கு அமோகமாகப் போனது. முதலில் சாக வேண்டிய ஆஸ்திரியா சாகவில்லை. ஜெர்மனி போனது, இங்கிலாந்து சுருங்கியது, என் படைகள் செர்பியாவிலும் ருமேனியாவிலும் நின்றன. துருக்கியாக ஆடியவர் ஏதோ பனி பெய்கிற ஊரில் நூலகத்தில் வேலை பார்க்கிறவர். அவர் சுற்றுக்குச் சுற்று எனக்குத் தோள் கொடுத்தார். நான் வாக்கு எதுவும் கொடுக்காமலே அவர் என் பக்கத்தில் நின்றார். எல்லாம் என் எழுத்தின் மகிமை என்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் துருக்கியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘இந்த ஆட்டத்தில் நான் சந்தேகமில்லாமல் படிப்பது உங்கள் கடிதங்களை மட்டும்தான். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நீங்கள் இரண்டு வரி எழுதுகிறீர்கள். செய்யப் போவதைச் சொல்கிறீர்கள், சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்கிறீர்கள். பத்து வருடமாக இதை ஆடுகிறேன், உங்களைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.’

இரண்டு வரியா? நானா?

மாடிக்கு ஓடினேன். மேடம் சாப்பிடப் போயிருந்தார். போன கடிதங்களின் ஃபைலை எடுத்துப் பிரித்தேன். என் ஒன்றரைப் பக்கம் ஒரு தாளில் இருந்தது. அதற்குப் பின்னால் உண்மையில் போனது இருந்தது: ‘இந்தச் சுற்றில் பல்கேரியாவுக்கு வரவில்லை. அடுத்த சுற்று பற்றி இப்போது சொல்ல முடியாது.’ அவ்வளவுதான். மதிப்புக்குரிய நண்பரும் இல்லை, அபாரமான நிதானமும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஐந்து மாதமாக நான் ஊற்றிய வெல்லப்பாகு ஒரு சொட்டுக்கூட எஸ்டேட்டைத் தாண்டிப் போகவில்லை.

மேடம் திரும்பி வந்ததும் குதித்தேன். எவ்வளவு நேரம் செலவழித்து எழுதுகிறேன், ஒவ்வொரு சொல்லையும் எப்படி நிறுத்துப் போடுகிறேன், எடுத்து வெட்டுவதற்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கத்தினேன். அவர் டப்பாவைப் பையில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“வெட்டக் கூடாதுன்னு எங்க சார் சொன்னீங்க? பன்னண்டு வருஷமா எல்லாரும் இப்டித்தான் எய்திக் குடுக்கறாங்க. சேதிய மட்டும் எடுத்து அனுப்பறதுதான் டெலக்ஸ்காரி வேல. ஒரு வார்த்த அதிகமா போனா அந்தக் காலத்துல மேனேஜர் கூப்ட்டு கேப்பாரு.”

“அப்ப நான் எழுதினது சேதி இல்லையா?”

“தேடிப் பாத்தேன் சார். இல்ல. அதான் கடைசி பேப்பர்ல ஆர்டர் இருக்குதுல்ல, நீங்க மெய்யாலுமே இன்னா செய்யப் போறீங்கன்னு அதுல கீது. அத்தயே அந்தந்த ஆளுக்கு ரெண்டு வரியா போட்டு உட்டேன். அந்த இத்தாலிக்காரரு மேல நீங்க பாயறதா இருந்தப்ப அவருக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. இந்த தபா வாக்கு குடுக்க முடியாதுன்னு போட்டேன்.”

பொய் என்று நினைத்து வெட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். உள்ளே ஒன்றுமே இல்லை என்று வெட்டியிருக்கிறார். அதுதான் என்னைச் சுட்டது. நான் என் திறமை என்று நினைத்ததெல்லாம் அவர் தூக்கிப் போட்ட குப்பை; துருக்கி நம்பிய ஆஸ்திரியா இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது. அதை அன்று ஒப்புக்கொள்கிற பக்குவம் எனக்கில்லை. உங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிற வார்த்தை அது.

கீழே டீக்கடையில் பர்ச்சேஸ் ஆபீசர் நின்றிருந்தார். அவருடைய அண்ணன் மகள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தாள். மின்னஞ்சலை அதிகம் உபயோகிக்கிறவன் நான் என்பதால் முதலாளி என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார் என்று அவருக்குத் தெரியும். பல நாளாக என்னிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நானும் வழக்கப்படி “பார்த்துக்கலாம் சார், நல்லதே நடக்கும்” என்று சொல்லி வைத்திருந்தேன். மேடத்திடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் வாய் திறந்துகொண்டது. “அவங்களுக்கு என்ன சார் தெரியும்? கொடுக்கிற லெட்டரையே வெட்டித்தான் அனுப்புறாங்க. விளையாட்டு லெட்டரா இருக்கப் போய் தப்பிச்சோம்.”

அவர் கிளாஸை இறக்கினார். “விளையாட்டு லெட்டரா? என்ன பிரதர் சொல்றீங்க?”

சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் ரெக்கார்டுல இருக்குமா என்ன?” என்றார்.

“அவங்களா? தும்மினாக்கூட ரிஜிஸ்டர்ல ஏத்திடுவாங்க” என்று நானும் சிரித்தேன். நகைச்சுவை செய்துவிட்ட திருப்தியோடு டீயைக் குடித்து முடித்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேடம் நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் பர்ச்சேஸ் ஆபீசர்; என் சிபாரிசு தேவைப்பட்டதால் என் பேரை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருந்தார். முதலாளியின் முன்னால் அவுட்வர்டு ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது.

முதலாளி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். “‘ருமேனியாவில் நிற்கிறேன், நகர மாட்டேன்.’ யாருய்யா ருமேனியாவில நிக்கிறது? நமக்கு அங்க கஸ்டமர் இருக்கானா?” அடுத்த பக்கம். “‘இந்த முறை கருங்கடலுக்குக் கப்பல் அனுப்பவில்லை.’ நாம எப்ப கப்பல் அனுப்பினோம்?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மேடத்தைப் பார்த்தார். “யாரு லெட்டர்மா இதெல்லாம்? யாரு குடுத்து நீ அனுப்பின?”

மேடம் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி இரண்டாம் முறை கேட்டார். அதற்கும் பதில் இல்லை. ஒரு பேர் சொன்னால் போதும், அவர் தப்பித்துவிடலாம். சொல்லாமல் நின்றால் வேலை போகும், பேக்கிங்கூடக் கிடையாது. அது அந்த அறையில் இருந்த நாலு பேருக்குமே தெரியும்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றிய வாக்கியங்களைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். ‘சார், இது ஒரு பயிற்சி முறை என்ற வகையில் பார்க்கும்போது’ என்று ஒன்று. ‘எனக்கும் இதில் ஓரளவு தொடர்பு உண்டு என்றாலும்’ என்று ஒன்று. நாக்கின் நுனி வரைக்கும் வரிசையாக வந்து நின்றன. மேடத்தின் கை தாவணிப் பருவத்துப் பெண்ணைப் போலப் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவரின் கை.

“என் லெட்டர் சார். எல்லாமே என்னோடது. கம்பெனி வேலை இல்ல, விளையாட்டு. நான்தான் கொடுத்தேன்” என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். பேசத் தெரிந்தவன் என்று அவர் பெருமைப்பட்ட ஆள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே அவருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் திட்டினார். தப்பு என் மேல் இருந்ததால் கேட்டுக்கொண்டேன். என் ஃபைலில் ஒரு மெமோ போடச் சொன்னார். பிறகு கேட்டார்.

“சரி, நீயே சொல்லு. மெயில் வேலைக்கு அந்தப் பொண்ணப் போடறதா, இந்தம்மாவையே வைக்கிறதா?”

பர்ச்சேஸ் ஆபீசர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அவருடைய அண்ணன் மகளும் கெட்டிக்காரப் பெண்தான், குறை ஒன்றும் இல்லை. முகத்துக்கு நேராக ஒரு மனிதரிடம் இல்லை என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“இவங்களே போதும் சார். அந்தப் பொண்ணு வேணாம்” என்றேன்.

முதலாளி மறுபடியும் ரிஜிஸ்டரைப் புரட்டினார். இந்த முறை படிப்பதற்காகப் புரட்டவில்லை, எத்தனை பக்கம் என்று பார்த்தார். “இவ்வளவு அனுப்பியிருக்கியே, போய்ச் சேராம எத்தன திரும்பி வந்துச்சு?”

“ஒன்னு கூட இல்ல சார்” என்றார் மேடம். அன்று அந்த அறையில் அவர் முதலில் பேசியது அதுதான். “லைனு அறுந்துச்சுன்னா திருப்பி போட்டு, போயிச்சான்னு பாத்துட்டுதான் ஊட்டுக்குப் போவேன்.”

முதலாளி ரிஜிஸ்டரை மூடினார். ஆட்டம் இன்றோடு சரி, கம்பெனி லைனில் இனி ருமேனியா பேச்சே வரக் கூடாது என்றார். டெலக்ஸ் மெஷினை அப்புறப்படுத்தியதும் கம்ப்யூட்டரை இந்தம்மா மேஜையிலேயே வைத்துவிடுங்கள் என்று வெளியே குரல் கொடுத்தார்.

பர்ச்சேஸ் ஆபீசர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் டீக்கடையின் அந்தப் பக்கமாகப் போய்விடுவார். அதுவரை என் வாழ்க்கையில் யாருக்கும் என் மேல் கோபம் இருந்ததே இல்லை. முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

நடுவருக்கு விலகல் கடிதத்தை முதலாளியின் அனுமதியோடு அனுப்பினோம். இந்த முறை நானே இரண்டு வரிதான் எழுதினேன், மேடத்துக்கு வெட்ட ஒன்றும் இல்லை. ஆஸ்திரியாவுக்கு வேறு ஆள் கிடைக்குமா என்று நடுவர் கேட்டு எழுதினார். நடுவில் ஒருவர் போனால் இன்னொருவர் அந்த நாட்டை எடுத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் காத்திருப்போம் என்று ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார். பதிலை என் தட்டில் வைத்த மேடம் போகாமல் நின்றார்.

“அந்த நாட்ட நான் எடுத்துக்கட்டுமா சார்? அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பாண்ட எஸ்டிடி பூத்ல புதுசா கம்ப்யூட்டர் போட்டுக்கீறாங்கோ. சனிக்கெயம அர நாள்தானே. எம் பேர்லயே ஒரு மெயில் ஐடி தர்றேன்னு சொன்னாரு.”

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஐந்து மாதமாக அது அவருடைய நாடுதான்.

வரைபடத்தை விளக்குவதற்காக முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். இரண்டு போன் கூண்டுகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் இரண்டு ஸ்டூல். அவர் தன் பேரில் வந்திருந்த முதல் கடிதத்தைத் திறந்தார். துருக்கி எழுதியிருந்தார். ஒரு முறை உங்கள் படையைப் பல்கேரியாவின் பக்கத்தில் நிறுத்தி எனக்குத் தோள் கொடுத்தால் ரஷ்யாவைத் தடுத்துவிடலாம், அடுத்த முறை நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு அவர் ஏமாற்றினால் ஆஸ்திரியா காலி. நான் அதை விளக்கினேன். யோசித்துச் செய்யுங்கள், இந்த ஆட்டத்தில் யாரையும் நம்ப முடியாது என்றும் சொன்னேன்.

சொன்ன பிறகு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முதலாளி அறையிலிருந்து வெளியே வந்த நாளாக அது நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

“மேடம், பர்ச்சேஸ் சார்கிட்ட ரிஜிஸ்டரைப் பத்தி உளறினது நான்தான். உங்க மேல இருந்த கோவத்துல சொல்லிட்டேன். என்னாலதான் உங்களுக்கு அந்த நிலைமை வந்துச்சு.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் சார்.”

“எப்படி?”

“பன்னண்டு வருஷமா அந்த ரிஜிஸ்டர ஒர்த்தரும் தொறந்து பாத்ததில்ல. அவரு நேரா வந்து அத்த மட்டும் தூக்கினு போனாரு. நீங்க சொல்லாம வேற யாரு சொல்லியிருப்பாங்க?”

“அப்ப அன்னிக்கு முதலாளி ரெண்டு தடவ கேட்டாரே. ஏன் என் பேரைச் சொல்லல?”

இப்போது என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

“நீங்க சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன்” என்றார். “சொன்னீங்க.”

பக்கத்துக் கூண்டில் யாரோ ஊருக்குப் போன் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, துருக்கிக்குத் தோள் கொடுப்பதாக எழுதி அனுப்பினார்.